வலை, ஓலை, ரப்பர் பால்: குமரி மாவட்டப் பொருட்களை வைத்து மிக்ஸ்டு மீடியா வேலை செய்வது எப்படி

மிக்ஸ்டு மீடியா, அதாவது பல வகைப் பொருட்களை ஒரே படைப்பில் சேர்க்கிற கலை, செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்னென்ன வாங்க வேண்டும் என்றுதான். கான்வாஸ், அக்ரிலிக், ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசுகிற வெள்ளை அடிப்பூச்சு) என்று ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார்கள். பட்டியலைப் பிறகு பார்க்கலாம். இந்த வகை வேலையில் பாதிக்கு மேல் இணைப்புதான். வெவ்வேறு குணமுள்ள இரண்டு பொருட்கள் எங்கே சந்திக்கின்றன, எது அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா, இதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தன்னால் வரும். இதைக் கற்றுக்கொள்ள கன்னியாகுமரி மாவட்டம் போல ஓர் இடம் கிடைப்பது கஷ்டம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் கரைகளில் வலை பொத்துகிறவர்கள், தோவாளையில் மாலை கட்டுகிறவர்கள், ஈத்தாமொழியில் கயிறு திரிக்கிறவர்கள், பனை நிற்கிற ஊர்களில் ஓலைப்பெட்டி முடைகிறவர்கள் என்று பசையே இல்லாமல் பொருளைப் பொருளோடு சேர்க்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிறார்கள்.

அவர்களிடம் போவதற்கு முன் ஒரு கலைஞரின் வாழ்க்கையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். எல் அனாட்சுயி. 1944-ல் கானா நாட்டில் காயலோரத்து ஊரான அன்யாக்கோவில் பிறந்தவர். அப்பா மீன்பிடிப்பவர், கெண்டே என்கிற பட்டைப் பட்டையான கைத்தறித் துணி நெய்பவரும்கூட. சிறு வயதில் அம்மாவை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். குமாசியில் கலை படித்துவிட்டு 1975-ல் நைஜீரியாவின் இன்சுக்காவுக்குப் போய், அங்கேயே பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். இன்றைக்கு உலகம் அவரை மதுபாட்டில் மூடிகளால் தெரிந்து வைத்திருக்கிறது. அலுமினிய மூடிகளைத் தட்டி, வெட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்து, சுவர் முழுக்கத் தொங்குகிற பெரிய துணி போல ஆக்குகிறார். 2015-ல் வெனிஸ் பியனாலேயில், அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே நடக்கிற பெரிய கலைக் கண்காட்சியில், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. 2023-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டமான டர்பைன் ஹாலில் அவருடைய வேலைகள் தொங்கின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த விருதுகளை அல்ல. மூடிகள் அவர் கைக்கு வந்தது 1998 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் சந்தையில் பொருள் பரப்பி வைக்கிற வட்ட மரத் தட்டுகளில் சூட்டுக்கோலால் கோடு போட்டார், உடைந்த பானைகளை ஒட்ட வைத்தார், மரப் பலகைகளைச் செயின்சாவால் கீறினார், மரவள்ளிக் கிழங்கு துருவுகிற தகரத் துருவிகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றோடும் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார். எல்லாமே அவர் இருந்த ஊரில் புழங்கிய சாமான்கள். மதுவோ, ஐரோப்பிய வியாபாரிகள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்த சரக்கு, அடிமை வியாபாரத்தோடு பிணைந்த சரக்கு. ஆகவே அந்த மூடியை எடுத்தபோது அதன் மேல் ஏற்கெனவே ஒரு வரலாறு ஒட்டிக்கொண்டிருந்தது. பொருள் தேர்வு என்றால் எனக்கு இதுதான். பளபளப்பாக இருக்கிறது என்று எடுப்பது வேறு, அந்தப் பொருள் எந்தக் கைகள் வழியாக வந்தது என்று தெரிந்து எடுப்பது வேறு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பொருள் சேர்ப்பது

முதல் வேலைக்கு மூன்று பொருட்களுக்கு மேல் எடுக்காதீர்கள். வலைத்துண்டு, பனை ஓலை, ஏதாவது ஒரு காகிதம், அதன் மேல் ஒரே ஒரு நிறம். இது போதும். பத்துப் பொருளைப் பலகையில் அடைத்தால் கண் எதிலும் நிற்காது, எது எதோடு சண்டை போடுகிறது என்றும் உங்களுக்குப் புரியாது.

வலை கிழிந்தது என்றாலும் அது சும்மா கிடக்கிற குப்பை அல்ல, ஆக்கர்க்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்) எடை போட்டு வாங்குகிற சரக்கு. கேட்டு, காசு கொடுத்து வாங்குங்கள். வாங்கும்போதே வலை பொத்துகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஓட்டையை அப்படியே அடைக்க மாட்டார். முதலில் கத்தியால் ஓட்டையைப் பெரிதாக்குவார். சிதைந்த கண்ணிகளை எல்லாம் நறுக்கித் தள்ளிவிட்டு, மூன்று இழை நிற்கிற முடிச்சு ஒன்றைத் தேடி அங்கே ஆரம்பித்து, வரிசை வரிசையாகக் கண்ணி போட்டு, கடைசியில் இன்னொரு மூன்று இழை முடிச்சில் கொண்டுவந்து முடிப்பார். இடையில் இருக்கிற ஒவ்வொரு கண்ணியின் அளவையும் விரலே பார்த்துக்கொள்கிறது. "அவசரப்பட்டு இழுக்காத மக்களே, முடிச்சு தானா போய் இருந்துக்கும்" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார், தங்கூசியை ஈரமாக்கிவிட்டு மெதுவாக இறுக்கிக்காட்டினார். நைலான் இழை வழுக்கும், அதனால் ஈரத்தோடு இறுக்கினால்தான் முடிச்சு சரியாக உட்காரும். இந்த ஒரு முடிச்சைக் கை பழகிவிட்டால் வலையை ஓலையோடும் துணியோடும் பலகையில் போட்ட துளையோடும் கட்டிவிடலாம், பசை பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த வலையை, கரையில் பொறுக்கிய மரத்துண்டை, கயிற்றை எல்லாம் நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி, சில நாட்கள். உப்பு உள்ளே இருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அப்புறம் வண்ணம் கொப்பளிக்கும். காய்ந்தபின் மேலே வெள்ளையாகப் பூத்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம், திரும்ப ஊறப் போடுங்கள். ஈயக் குண்டுகள் இருந்தால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், ஈயம் வீட்டுக்குள் வேண்டாம்.

ஓலையில் குருத்தோலை வெளுப்பாக, வளைய இருக்கும். முற்றிய ஓலை விறைப்பாக, பச்சையிலிருந்து காவிக்கு மாறும். இரண்டுக்கும் இடம் உண்டு. ஈர்க்கை எடுத்துவிட்டு, மஞ்சள் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுவடி செய்தவர்கள் ஓலையை வேகவைத்துப் பாடம் பண்ணியதும் பூச்சி அண்டாமல் நீண்ட நாள் இருக்கத்தான். முடைவதற்கு முன் நனைக்க வேண்டும், ஆனால் தொப்பென்று நனைத்தால் காயும்போது சுருங்கி இடைவெளி விழும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஓலை பதமானதும் முடைந்து, மறுநாள் ஒரு தடவை நெருக்கிவிடுங்கள்.

கயிறு, கதம்பை நார் (தேங்காய் மட்டை நார்) எடுத்தால் அதையும் ஊறவைத்து அலசுங்கள். அதிலிருந்து இறங்குகிற பழுப்புச் சாயம் வெள்ளைக் காகிதத்தை ஒரே மழையில் கெடுத்துவிடும்.

தொடவே கூடாத சிலவும் உண்டு. கடற்கரை மணலை அள்ளி ஒட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், கருப்பும் சிவப்புமாக. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். (முன்பு இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை இருப்பதே அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட்டோடு மோனசைட்டும் இருப்பதால்தான். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ள பொருள். அதைச் சலித்து, தேய்த்து, தூசி கிளப்பி, மூச்சில் இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சொரசொரப்பு வேண்டுமென்றால் மயிலாடியில் சிற்பம் கொத்துகிற பட்டறைகளில் கல் தூள் கேளுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு சலியுங்கள். பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, சில வகைச் சங்குகள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் தானாக ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

ரப்பர் பால் பற்றிக் கொஞ்சம் நீளமாக

குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கத்துக்காரர்களுக்கு ரப்பர் பால் தண்ணீர் போல. இளைஞர்கள் பலர் அதைத் துணியில் தடவி, அச்சு எடுத்து, உலர்த்தித் தோல் போல உரித்துப் பார்க்கிறார்கள். அருமையாக வரும். மஞ்சள் கலந்த வெள்ளை, ஒளி ஊடுருவுகிற மேனி, தொட்டால் உயிருள்ளது போல ஒரு மென்மை. அதனால்தான் இந்த இடத்தில் இன்னொரு கலைஞரைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஈவா ஹெஸ்ஸே 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்ப, குழந்தைகளை ஏற்றிப்போன ரயிலில் அக்காவோடு நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, பிறகு குடும்பத்தோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஓவியம்தான் படித்தார். 1964-65-ல் ஜெர்மனியின் கெட்விக்கில், ஓட்டம் நின்றுபோன ஒரு துணி ஆலையின் ஒரு பகுதியை வேலையிடமாகக் கொடுத்தார்கள். அங்கே கிடந்த கயிறும் இயந்திரத் துண்டுகளும்தான் அவரைப் பலகையிலிருந்து வெளியே புடைத்து வருகிற வேலைகளுக்குக் கொண்டுபோயின. பிறகு லேடெக்ஸ், அதாவது நம்ம ரப்பர் பால், மெல்லிய வலைத்துணி, கண்ணாடியிழை. 1970-ல் மூளைக்கட்டியால் இறக்கும்போது வயது 34.

அவருடைய 1969-ம் ஆண்டு வேலை 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்'. லேடெக்ஸ் தோய்த்த துணி, இடையிடையே கண்ணாடியிழைக் கம்பங்கள். ஒரு காலத்தில் வளைந்து தொங்கிய அந்தத் துணி ஆண்டுகள் போகப் போகக் கருத்து, விறைத்துப்போனது. பல காலம் காட்சிக்கு வைக்க முடியாமல் இருந்து, நீண்ட பராமரிப்புக்குப் பிறகு 2022-ல் நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் திரும்ப வைத்தார்கள். தன் பொருள் நிலைக்காது என்று ஹெஸ்ஸேவுக்கே தெரிந்திருந்தது.

அப்படியானால் ரப்பர் பாலை விட்டுவிடுவதா? நான் விடச் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து செய்யுங்கள். வெயிலும் காற்றும் இயற்கை ரப்பரை அரிக்கும், அதனால் ஜன்னலோரம் மாட்டுகிற வேலைக்கு அது ஆகாது. செம்பு ரப்பரைச் சீக்கிரம் சிதைக்கும், ஆகவே அனாட்சுயி போலச் செம்புக் கம்பியால் கட்ட நினைத்தால் அந்த வேலையில் ரப்பர் வேண்டாம். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போட்ட பசையும் அதே காரணத்தால் ரப்பருக்கு ஆகாது. பாலை மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் தெளிவாக ஆனபிறகு அடுத்ததைப் பூசுங்கள், கனமாக ஊற்றினால் உள்ளே வேகாமல் பிசுபிசுப்பு நிற்கும். அம்மோனியா சேர்த்த பால் என்றால் காற்றோட்டமான திண்ணையில் வைத்து வேலை செய்யுங்கள். வாங்குகிறவரிடம் இது நிறம் மாறும், விறைக்கும் என்று எழுதியே கொடுங்கள்.

முதல் பலகை

அடித்தளத்துக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். 45-க்கு 60 செ.மீ., 9 மி.மீ. கனம். சாதாரணப் பிளைவுட் கொஞ்சம் விலை குறைவுதான், ஆனால் ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்குகிற ஊரில் அது தாங்காது. பின்பக்கம் நாலு ஓரத்திலும் ரீப்பர் அடியுங்கள், வளையாது. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை அந்தப் பக்கமே குனியும். அது காய்ந்தபின் ஜெஸ்ஸோ இரண்டு கை.

அடுத்து ஒட்டாமல் அடுக்கிப் பாருங்கள். வலையை விரிக்காமல் ஒரு மூலையில் குவித்து, ஓலை முடைச்சலை நடுவிலிருந்து தள்ளி வைத்து, காகிதத்தைக் கிழித்து, போனில் படம் எடுத்து, இடம் மாற்றி, மறுபடி எடுத்து. இதற்கு ஒரு மாலை முழுக்கக் கொடுங்கள். படங்களைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் எங்கே அடர்த்தி, எங்கே வெறுமை என்று சட்டென்று தெரியும்.

இப்போது இணைப்பு. என் வரிசை இதுதான்: முடிச்சுப் போட முடிந்ததை முடிச்சுப் போடுங்கள், அது ஆகாததைத் தையுங்கள், அதுவும் ஆகாததை ஒட்டுங்கள். வலை, ஓலை முடைச்சல், கயிறு எல்லாம் பலகையில் சின்ன டிரில் பிட்டால் துளை போட்டுத் தங்கூசியால் பின்பக்கம் கட்டலாம். ஓலை ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். கட்டினால் அதற்கு அசைய இடம் இருக்கும், ஒட்டினால் ஓரத்தில் கிளம்பிக்கொண்டு வரும். காகிதம், துணிக்கு வெள்ளைப் பசை. கல், உலோகம் போன்ற கனமான, ஈரம் உறிஞ்சாத பொருளுக்கு இரண்டு டியூப் கலக்குகிற எபாக்சி, ஆனால் வெளிச்சத்தில் அது மஞ்சளாகும், ஆகவே வெளியே பிதுங்காமல் வையுங்கள். இரும்பு ஆணி, ஸ்டேப்ளர் பின் எதுவும் வேண்டாம். கடல் காற்றில் துருப்பிடித்துப் பழுப்புக் கண்ணீர் வழியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மட்டும்.

மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் பைண்டிங்காரர்கள் செய்வது போலக் கொஞ்சம் மயில்துத்தம் போடலாம், பூஞ்சை வராது. விஷம், அந்தப் பாத்திரம் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது. புளியங்கொட்டைப் பசையும் நல்ல பசைதான். வறுத்து, தோல் போக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1975-ல் அகமதாபாத் வந்து காகிதக்கூழோடு புளியங்கொட்டைத் தூள், வெந்தயம் எல்லாம் கலந்த மண்போன்ற ஒரு கலவையில் ஒரு வரிசையே செய்துவிட்டுப் போனார். நம் பாட்டிகள் முறம் மெழுகிய சரக்கு அது, நாம் தயங்க ஒன்றுமே இல்லை.

காகிதத்தில் பழைய ரசீது, கடிதம், வீட்டுப் படம் எதைப் பயன்படுத்தினாலும் அசலை ஒட்டாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். செய்தித்தாள் எப்படியும் பழுக்கும். படத்தை மட்டும் பலகைக்கு ஏற்ற ஒரு வழி உண்டு: லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸின் அச்சான பக்கத்தில் அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக்) பூசி, கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு தண்ணீர் தொட்டு விரலால் தாளை உருட்டி உருட்டி எடுத்தால் மை மட்டும் பலகையில் தங்கும். எழுத்து இருந்தால் கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுங்கள், இல்லையென்றால் இடம் வலம் மாறி விழும். இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு ஆகாது, கரையும்.

நிறத்துக்குச் சிரட்டைக் கரியைப் பரிந்துரைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையின் கருப்புத் தரை சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வார்கள். அதில் முகம் தெரிகிற அந்தக் கருப்பை ஒருமுறை போய்க் குனிந்து பாருங்கள், டியூபில் வருகிற கருப்பு ஏன் தட்டையாக இருக்கிறது என்று புரியும். கரியை அம்மியில் நைஸாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, அக்ரிலிக் மீடியத்தில் குழைத்தால் போதும். ஆயில் வண்ணம் கைவசம் இருந்தால் கடைசியில் மேலே பூசலாம், அக்ரிலிக்கை மட்டும் ஆயிலின் மேல் பூசாதீர்கள், உரிந்து வரும்.

பாட்டில் மூடி வைத்துச் செய்ய ஆசை இருந்தால் செய்யுங்கள், கைக்குப் பயிற்சி. அலுமினிய மூடியை வெட்டித் திறந்து மரக்கட்டையில் வைத்துத் தட்டி, நான்கு மூலையிலும் ஆணியால் துளைத்து, மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கிடைக்கிற 24 கேஜ் செம்புக் கம்பியால் கோத்து, நுனிகளைப் பின்பக்கமாக முறுக்குங்கள். கையுறை கட்டாயம், ஓரம் பிளேடு. ஆனால் அதை உங்கள் வேலை என்று காட்சிக்கு வைக்காதீர்கள். அனாட்சுயிக்கு மூடி எப்படி வந்ததோ அப்படி உங்களுக்கு வருகிற பொருள் வேறாக இருக்கும். தோவாளையில் மாணிக்க மாலை கட்டுவதைப் பார்த்தால் என்ன சொல்கிறேன் என்று விளங்கும். அரளியை மடித்து மடித்து, இடையில் நொச்சி இலை வைத்து, பாய் போலத் தட்டையாக, கல் பதித்த நகை மாதிரி ஒரு பரப்பைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பூவின் மென்மை எங்கே போனது என்று வியப்பாக இருக்கும். மடிப்பு என்கிற ஒரே வேலையால் பொருளின் குணமே மாறுகிறது. இந்த மடிப்பை ஓலையில், பால் கவரில், பழைய சேலைக் கரையில் செய்து பாருங்கள்.

முடித்த பிறகு

ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் தொங்கவிட்ட பிறகுதான் வெளியே கொடுங்கள். எது கிளம்புகிறது, எது பூக்கிறது, எங்கே வெள்ளிப்பூச்சி வருகிறது என்று வீடே சொல்லிவிடும். சுவரில் ஒட்டாமல் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்தால் காற்று ஓடும். ஒற்றை ஆணி வேண்டாம், இரண்டு டி-ரிங் (மாட்டுவதற்கான D வடிவ வளையம்), இரண்டு ஸ்க்ரூ.

குறிப்பு எழுதும்போது 'மிக்ஸ்டு மீடியா' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். 'நைலான் வலை, பனை ஓலை, ஜெராக்ஸ் காகிதம், சிரட்டைக் கரி, பிளைவுட் பலகையின் மேல்' என்று எழுதுங்கள், பிறகு உயரம், அகலம், ஆழம் செ.மீ.-ல், ஆண்டு. எப்படி மாட்ட வேண்டும் என்பதையும் பின்பக்கம் எழுதுங்கள். அனாட்சுயி தன் வேலைகளை எப்படி மடிக்க, தொங்கவிட வேண்டும் என்பதை மாட்டுகிறவர்களின் கைக்கே விட்டுவிடுவதுண்டு, அதுவும் ஒரு முடிவுதான், ஆனால் அப்படியென்றும் எழுதி வைக்க வேண்டும். முடிச்சு சொல்லிக்கொடுத்தவர், ஓலை முடைந்து கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் குறிப்பில் வரட்டும், கூலியும் கைக்குப் போகட்டும்.

பார்க்கப் போக வேண்டிய இடம் என்று கேட்டால், சென்னையைவிடக் கொச்சி நமக்குப் பக்கம். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் அதே நாளில் போய்விடலாம், 2012-லிருந்து பியனாலே நடக்கிற ஊர். சென்னை போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைப் பாருங்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கியது. பாட்டிக் துணி மாதிரி கைவினைப் பொருட்களை விற்று, அந்தக் காசில் தங்கள் ஓவியத்தை நடத்தினார்கள். வருமானத்துக்கு என்ன செய்வது என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு நல்ல உதாரணம்.

வேலையைக் கூரியரிலோ பேருந்திலோ அனுப்பும்போது அக்ரிலிக் பரப்பின் மேல் நேராக பபிள் ரேப் சுற்றாதீர்கள், நம்ம வெயிலில் அந்தக் குமிழ்களின் அச்சு வண்ணத்தில் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பபிள் ரேப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க, அப்புறம் அட்டைப் பெட்டி.